கடல் தாண்டிப் படிக்கப் போகிறவர்களுக்கு: பெருந்தொற்று வந்தால் என்ன செய்வது?

2020 ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பன்னாட்டுப் பொது சுகாதார அவசரநிலையாக அறிவித்தது. இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டதும் அதே நாளில்தான். அவர் சீனாவின் ஊகானில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவி. விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் விமானங்களை இந்தியா நிறுத்தியது மார்ச் 22-இல். முதல் எச்சரிக்கைக்கும் கதவடைப்புக்கும் இடையே 52 நாட்கள் இருந்தன. எனக்குத் தெரிந்த குடும்பங்களில் பெரும்பாலானவை அந்த 52 நாட்களையும் "பார்க்கலாம்" என்றே கழித்துவிட்டு, கடைசி மூன்று நாட்களில் பதறி முடிவெடுத்தன.

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று நம் ராமநாதபுரம் மாவட்டக் கரை நெடுகிலும் வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. வாப்பா சவுதியில், மகன் மணிலாவில், உம்மா ஊரில் என்று ஒரே குடும்பம் மூன்று நாட்டுச் சட்டங்களுக்குள் வாழ்கிறது. நகையை அடகு வைத்து மகளை அனுப்பிய மீனவக் குடும்பத்தில் வெளிநாட்டு விதிகளை அறிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில் இந்தக் கரைப் பிள்ளைகள் பலருக்கு விண்ணப்பம் நிரப்பவும் தூதரகத்துக்குக் கடிதம் எழுதவும் உதவியிருக்கிறேன். அதிலிருந்து நான் சொல்வது இதுதான்: தங்குவதா, திரும்புவதா என்ற முடிவில் பாதியை நோய் வருவதற்கு முன்பே குடும்பமாக உட்கார்ந்து எடுத்துவிட வேண்டும். மீதிப் பாதியை அங்கே இருக்கும் பிள்ளை எடுக்க வேண்டும்.

புறப்படும் முன்

முதலில் பெயரைச் சரிபாருங்கள். நம் பக்கத்தில் ஆதாரில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் தந்தையின் முழுப்பெயர் என்று ஒருவருக்கே மூன்று பெயர்கள் இருப்பது வழக்கம். சாதாரண நாளில் இதைச் சமாளித்துவிடலாம். 2021-இல் தடுப்பூசிச் சான்றிதழே பயணச் சீட்டுக்கு இணையாகிவிட்டபோது, ஆதார் பெயரில் வாங்கிய சான்றிதழும் பாஸ்போர்ட்டும் பொருந்தாமல் பலர் தவித்தார்கள். கோவின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணை இணைக்கும் வசதி அந்த ஆண்டு ஜூனில்தான் வந்தது. சான்றிதழில் பிறந்த தேதி முழுமையாக இல்லாததும் பிரிட்டனுடன் பெரிய சிக்கலாகி, அக்டோபரில்தான் தீர்ந்தது. ஆகவே எந்தத் தடுப்பூசி போட்டாலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரும் பிறந்த தேதியும் எழுதி வாங்குங்கள். பாஸ்போர்ட்டையே திருத்த வேண்டுமென்றால் நம் மாவட்டத்துக்கு மதுரை மண்டல அலுவலகம்தான். விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கு வெகு முன்பே அதை முடித்துவிட வேண்டும்.

அசல் சான்றிதழ்களை ஏஜெண்டிடம் விட்டுவைக்காதீர்கள். சேர்க்கை முடிந்ததும் திரும்பக் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம், கட்டண ரசீது, காப்பீட்டுத் தாள், தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றின் நகல் ஊரில் ஒருவரிடம் அச்சிட்ட தாளாக இருக்கட்டும். மின்னஞ்சலில் ஒரு பிரதியும் வேண்டும். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் அது தொலையும் நாளில் எல்லாம் தொலைந்துவிடும்.

அடுத்தது பணம். மூன்று மாதச் செலவுக்கும் ஒரு வழி விமானக் கட்டணத்துக்கும் போதுமான தொகையைத் தொடாமல் தனியே வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2020 மே 7-இல் தொடங்கிய வந்தே பாரத் மீட்பு விமானங்களில்கூடப் பயணிகளே கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. படிப்புச் செலவை உண்டியலில், அதாவது வங்கியைத் தவிர்த்து ஆட்கள் மூலம் கைமாற்றும் ஹவாலா வழியில், அனுப்பும் பழக்கம் நம் கரையில் இன்னும் மறையவில்லை. அது சட்டவிரோதம். அதோடு, விசா நீட்டிப்புக்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்கும் நாளில் பிள்ளையிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. வங்கி வழியாகவே அனுப்புங்கள். கல்விக் கடன் வாங்கியவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்தபோதும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கட்ட முடிந்தவர்கள் கட்டிவிடுவது நல்லது.

மருந்துப் பையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், என்-95 முகக்கவசம், பாரசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் இருக்கட்டும். ஆஸ்துமா, தைராய்டு, சர்க்கரை என்று தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் மூன்று மாத மருந்தையும், மருந்தின் பொதுப்பெயரை எழுதிய மருத்துவர் சீட்டையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். அந்த நாடு எவ்வளவு மருந்தை அனுமதிக்கிறது என்பதையும் முன்பே பாருங்கள். அம்மா கொடுத்தனுப்பும் கபசுரக் குடிநீர்ப் பொடியைப் பெயர் அச்சிட்ட உறையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயரில்லாத பொட்டலத்தைச் சுங்கத்தில் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

போய்ச் சேர்ந்த முதல் மாதம்

இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் மாணவர்களுக்கென்றே பதிவு இருக்கிறது. மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற காமன்வெல்த் நாடுகளில் தூதரகத்துக்கு ஹை கமிஷன் என்று பெயர். 2020 ஜூனில் கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் தூத்துக்குடிக்கு ஆட்களை ஏற்றி வந்தபோது, தூதரகத்திடம் பதிவு செய்தவர்களிலிருந்துதான் பயணிகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பதிவு செய்யாதவர் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையின் தொடர்பு விவரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 2022-இல் உக்ரைனிலிருந்து டெல்லி வந்திறங்கிய நம் மாணவர்களை ஊர் சேர்த்ததில் அந்தத் துறைக்குப் பங்கு உண்டு.

உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவரைத் தேடிவையுங்கள். பிரிட்டனில் விசாவோடு மருத்துவக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டுகிறோம்; ஆனாலும் பகுதி மருத்துவரிடம் நாமே போய்ப் பதிய வேண்டும். ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் மாணவருக்குக் காப்பீடு கட்டாயம். மற்ற நாடுகளில் ஏஜெண்ட் எடுத்துக்கொடுத்த காப்பீட்டில் பெருந்தொற்று விலக்கப்பட்டிருக்கிறதா, தனிமைப்படுத்தலுக்கு ஆகும் செலவு சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். அவசர எண்ணை மனப்பாடம் செய்யுங்கள்: ஐரோப்பாவில் 112, பிரிட்டனிலும் மலேசியாவிலும் 999, அமெரிக்கா, கனடா, பிலிப்பைன்ஸில் 911, ஆஸ்திரேலியாவில் 000, சீனாவில் ஆம்புலன்ஸுக்கு 120. நம் 108 அங்கே வேலை செய்யாது என்பதைக் காய்ச்சல் வந்த இரவில் அறிந்துகொள்ளக் கூடாது.

முதல் செய்தி வந்ததும்

பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏறும்போதே படகைப் பாதுகாப்பாகக் கட்டிவிடுகிறவர்கள் நாம். பத்தாம் எண் ஏறட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அவசரநிலை அறிவிப்பையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வாரத்திலேயே இவற்றை முடியுங்கள்: பாஸ்போர்ட்டும் விசாவும் எப்போது காலாவதியாகின்றன என்று பாருங்கள், இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், மருந்து வாங்கி வையுங்கள், அதற்கு மேல் குவிக்க வேண்டாம், விடுதி மூடப்பட்டால் எங்கே தங்கவைப்பீர்கள் என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதில் பிறகு சான்றாகாது.

செய்திக்கு மூன்று இடங்கள் போதும். பல்கலைக்கழக மின்னஞ்சல், அந்த நாட்டின் சுகாதார, குடியேற்றத் துறைகளின் தளங்கள், இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பு. ஊர் வாட்ஸ்அப் குழுவில் வரும் குரல்பதிவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: உறவினர் பத்துப் பேர் தனித்தனியாகப் பிள்ளையை அழைத்து விசாரிக்க வேண்டாம். வீட்டில் ஒருவர் மட்டும் பேசி மற்றவர்களுக்குச் சொல்லட்டும். நாளைக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில் பேசினால் போதும்.

தங்குவதா, திரும்புவதா?

"எப்படியாவது வந்து சேர்ந்துவிடு" என்று அம்மா அழும்போது மறுத்துப் பேச எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. அந்த அழுகையின் முன்னால் யோசிக்க முடியாது என்பதால்தான் அமைதியான நாளிலேயே இதைப் பேசிவைக்கச் சொல்கிறேன்.

திரும்பி வருவதன் விலையை முதலில் பாருங்கள். 2020 ஜனவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊர் வந்த மருத்துவ மாணவர்களால் 2022 ஆகஸ்டில் சீனா மாணவர் விசாவை மீண்டும் திறக்கும்வரை திரும்பிப் போக முடியவில்லை. இரண்டரை ஆண்டுக்கும் மேல் வீட்டிலிருந்தே படித்தார்கள். சீனப் பல்கலைக்கழகங்கள் பெரிதும் பயன்படுத்திய வீசாட் செயலியும் 2020 ஜூன் 29-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இணையவழியில் மட்டும் படித்த மருத்துவப் படிப்பை ஏற்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிவிட்டது. இறுதியாண்டில் திரும்பி வந்து 2022 ஜூன் 30-க்குள் பட்டம் பெற்றவர்களுக்கு இந்தியாவில் மருத்துவராவதற்கான தகுதித் தேர்வெழுத வழி கொடுத்த ஆணையம், ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியை அவர்களுக்கு இரண்டாண்டாக்கியது. ஆஸ்திரேலியாவும் 2020 மார்ச் 20-இல் எல்லையை மூடி, 2021 டிசம்பர் 15-இல்தான் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொதுவாகத் திறந்தது. நோயாளியைத் தொட்டுக் கற்க வேண்டிய படிப்பு என்றால், விடுதி திறந்திருக்கும்வரை, உணவு கிடைக்கும்வரை, உடல்நலம் இருக்கும்வரை அங்கேயே இருப்பதுதான் பெரும்பாலும் சரி.

தங்குவதிலும் ஆபத்து உண்டு. 2020 ஜூலை 6-இல், வகுப்பு முழுவதும் இணையத்தில் நடந்தால் வெளிநாட்டு மாணவர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை அறிவித்தது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் வழக்குப் போட்டன. ஜூலை 14-இல் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்த எட்டு நாட்களில் அவசரப்பட்டு டிக்கெட் எடுத்தவர்கள் பணத்தை இழந்ததுதான் மிச்சம். பயமுறுத்தும் அறிவிப்பு வந்தால் பல்கலைக்கழகம் என்ன சொல்கிறது என்று ஓரிரு நாள் பொறுத்திருந்து பாருங்கள்.

பிள்ளை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. நான் வெளியேறினால் விசா செல்லுபடியாகுமா? செய்முறை வகுப்பையும் வருகைப் பதிவையும் எப்படிக் கணக்கிடுவார்கள்? வீட்டில் மின்சாரமும் இணையமும் வகுப்பு நேரத்தில் தடைபடாமல் இருக்குமா? சீனாவில் காலை 8 மணி வகுப்பு இங்கே விடியற்காலை 5.30, நியூயார்க்கின் பிற்பகல் வகுப்பு இங்கே நள்ளிரவை ஒட்டி வரும். வீட்டில் வயதானவர்கள், நோயாளிகள் இருக்கிறார்களா? இவற்றுக்கெல்லாம் பதிலை எழுதிப் பார்த்தால் முடிவு தானே தெளியும். அந்த முடிவு எதுவானாலும் பெற்றோர் ஏற்றுக்கொள்வோம் என்று முன்பே வாக்குக் கொடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. விடுதியை மூடிவிட்டார்கள், கையில் பணமில்லை, அல்லது பிள்ளையின் மனம் உடைந்துகொண்டிருக்கிறது என்றால் படிப்பைப் பார்க்காமல் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். விமானத்துக்குப் பணமே இல்லாத நிலையில், இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவ முடியுமா என்று தூதரகத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள்; துயரத்தில் சிக்கிய இந்தியர்களுக்காகவே அந்த நிதி இருக்கிறது.

திரும்புவதென்று முடிவானால் நேரடி விமானமே நல்லது. 2020 மார்ச் 17-இல் மலேசியா, பிலிப்பைன்ஸிலிருந்து வரும் விமானங்களை இந்தியா தடுத்தபோது, மணிலாவிலிருந்து கிளம்பி கோலாலம்பூரில் விமானம் மாற வேண்டிய நம் மாணவர்கள் அந்த விமான நிலையத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. பிறகு சிறப்பு அனுமதியோடு டெல்லிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் கொண்டுவரப்பட்டார்கள். இடையில் இறங்கும் நாட்டின் விதியையும் பார்க்காமல் டிக்கெட் வாங்கக் கூடாது.

அறையில் தனியாக நோயுற்றால்

காய்ச்சல் வந்த உடனே அறைத்தோழருக்கும் விடுதிப் பொறுப்பாளருக்கும் சொல்லுங்கள். மறைப்பதால் சோறு கொண்டுவந்து வைக்கவும் ஆளிருக்காது. விசாவுக்குப் பங்கம் வருமோ என்று அஞ்சிச் சிலர் பரிசோதனைக்கே போகவில்லை. பிரிட்டனில் கொரோனா பரிசோதனையும் சிகிச்சையும் விசா நிலையைப் பார்க்காமல் எல்லோருக்கும் இலவசமாகவே கிடைத்தன. உங்கள் நாட்டில் எப்படி என்று நலமாக இருக்கும்போதே கேட்டுவையுங்கள்.

பாரசிட்டமாலை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள். சளி மருந்துகள் பலவற்றில் அது ஏற்கெனவே கலந்திருக்கும். மாத்திரையையும் சளி மருந்தையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறிக் கல்லீரல் கெடும். பெரியவர்களுக்கு நாளைக்கு 4 கிராம் உச்சவரம்பு. ஆக்சிமீட்டரை மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 94-க்குக் கீழ் காட்டினால் மருத்துவரை அழையுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அவசர எண்தான். அந்த நேரத்தில் கஷாயத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

கஞ்சி, ரசம், பருப்புச் சாதம் மூன்றையும் சமைக்கக் கற்றுக்கொண்டு போங்கள், ஆணானாலும் பெண்ணானாலும். நோயில் நாவுக்குப் பழகிய உணவு பெரிய ஆறுதல். ரமலானில் நோயுற்றால் நோன்பை விட்டுப் பின்னொரு நாளில் நிறைவேற்ற மார்க்கத்தில் இடமிருக்கிறது. ஊரிலிருந்து உம்மாவே அதைச் சொன்னால் பிள்ளை மனச்சுமையில்லாமல் மருந்து சாப்பிடும். தூக்கம் பல நாள் வரவில்லை, அழுகை நிற்கவில்லை, வாழ்வில் பிடிப்பு இல்லை என்று தோன்றினால் பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் போங்கள். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். ஊர் திரும்பியவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஊரில் மரணம் நேர்ந்தால்

இதைப் பேசவே யாரும் விரும்புவதில்லை. ஆனால் 2020-இலும் 2021-இலும் தகப்பனின் ஜனாஸாவைக் கைப்பேசித் திரையில் பார்த்த பிள்ளைகள் இருந்தார்கள். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் வேறு நாட்டில் அடைபட்டிருந்தான். பாம்பன் பக்கத்து மீனவக் கிராமத்தில் கல்லறைத் திருப்பலிக்கு வர முடியாத மகளும் இருந்தாள். ஆகவே கிளம்பும் முன்பே மூன்றைத் தீர்மானியுங்கள். வீட்டில் யாருக்காவது நோய் முற்றினால் பிள்ளையிடம் மறைக்க மாட்டோம் என்று உறுதி கொடுங்கள். படிப்புக் கெடும் என்று மறைத்துவிட்டு, அடக்கம் முடிந்தபின் சொன்ன வீடுகளில் அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. யார் சொல்வது என்று ஒருவரை நியமியுங்கள், மாமாவோ பெரியம்மாவோ. சொல்லும்போது பிள்ளையின் அருகில் இருக்க அங்குள்ள நண்பர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள். செய்தி ஊர்க் குழுவில் முந்திக்கொண்டு போய்விடாமல் ஜமாஅத், ஊர்ப் பெரியவர்கள், பங்குத்தந்தை ஆகியோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காரியத்துக்கு வர இயலாத பிள்ளை பிற்பாடு வந்து செய்ய வேண்டியதைச் செய்துகொள்ளலாம் என்று குடும்பத்துப் பெரியவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஊர் திரும்பியதும்

தொற்றுக்காலத் தனிமை இந்தக் கரைக்குப் புதிதன்று. தனுஷ்கோடி வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைக் காலரா, பிளேக் அச்சத்தால் மண்டபம் முகாமில் சில நாட்கள் நிறுத்திவைத்துத்தான் கப்பலேற்றினார்கள். இன்று அந்தப் பொறுப்பில் பெரும் பகுதி வீட்டின் மேல் விழுகிறது. 2020 மே மாத இறுதியிலிருந்து வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஏழு நாள் அரசு ஏற்பாட்டிலும் ஏழு நாள் வீட்டிலும் தனிமை என்று விதி இருந்தது. ஒற்றை அறை வீட்டில் ஏழு நாள் தனித்திருப்பது நடக்காத காரியம். பிள்ளை விமானம் ஏறும் முன்பே உறவினரின் மாடி அறையையோ, ஆளில்லாத வீட்டையோ கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஊராட்சியிடமோ சுகாதார ஆய்வாளரிடமோ சொல்லி அரசு இடத்தில் முழு நாட்களையும் கழிக்க ஏற்பாடு செய்யுங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், கடற்காற்று உள்ளே வரட்டும். பிள்ளையைப் பார்க்க அக்கம்பக்கத்தார் அன்போடு வருவார்கள். வாசலிலேயே கைகூப்பி, பதினைந்து நாள் கழித்து வரச்சொல்லுங்கள். பாட்டியைத் தூர நின்று மட்டுமே பார்க்க வேண்டும் என்பது இருவருக்குமே வேதனைதான். ஆனாலும் அந்த நாட்களில் வேறு வழியில்லை.

படிப்பு முடியும்போது

பட்டச் சான்றிதழோடு இன்னொரு கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வகுப்பு நேரில் நடந்தது, எப்போது இணையத்தில் நடந்தது, விடுபட்ட செய்முறைப் பயிற்சி எப்போது ஈடுசெய்யப்பட்டது என்று பருவம் பருவமாகப் பல்கலைக்கழக முத்திரையுடன் அதில் இருக்க வேண்டும். மருத்துவம் படித்தவர்களிடம் தேசிய மருத்துவ ஆணையமும் மாநில மருத்துவக் கவுன்சிலும் இதைத்தான் துருவிக் கேட்கின்றன. நாட்டைவிட்டு வெளியேறியதையும் நுழைந்ததையும் காட்டும் பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களின் நகலையும் அதோடு சேர்த்து வையுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் பழையதைத் தூக்கி எறியாதீர்கள். படித்த நாட்டில் இருக்கும்போதே இந்தக் கடிதத்தை வாங்கிவிடுவது எளிது. ஊர் வந்தபின் மின்னஞ்சலில் கேட்டால் பதில் வரப் பல மாதங்கள் ஆகலாம்.